வேலூர் வெயிலில் வெள்ளைப் பட்டை: பிர்ச்சா, தணக்கா, மருதா?

வெள்ளை அடிமரத்தோடு வாசலில் ஒரு மரம் வேண்டும் என்று நினைத்தவுடன் பலருக்கும் தோன்றுவது பிர்ச். ஆனால் நர்சரியில் 'இதுதான் பிர்ச்' என்று ஒரு கன்றை நீட்டினால், பட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிர்ச் கன்றின் பட்டை பழுப்பாகத்தான் இருக்கும். வெளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். இலையைப் பாருங்கள்: முட்டை வடிவம், கூரிய நுனி, விளிம்பெல்லாம் ரம்பப் பல். கசக்கினால் தைல வாசம் வருகிறதா? அது யூகலிப்டஸ், பேசாமல் நகர்ந்துவிடலாம். வளர்ந்த பிர்ச்சில் பட்டை குறுக்குவாட்டில், காகித ஏடுகளாக உரியும். காஷ்மீரத்தில் சுவடி எழுதியது இமயமலை பிர்ச்சின் அந்த ஏடுகளில்தான்.

அந்த மரத்தின் இடம் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே. வேலூர் ஏறத்தாழ 220 மீட்டர். ஏலகிரிக்கே கொண்டுபோனாலும் 1,100 மீட்டர்தான். பிர்ச் கேட்கும் உறைபனிக் குளிர்காலம் அங்கேயும் கிடையாது. விதையைக் குளிர்பெட்டியில் சில வாரம் வைத்து முளைக்க வைத்துவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. பங்குனி, சித்திரையில்தான் சோதனை. வேர் மேலோட்டமாக ஓடும். மண் சுட்டால் மரம் தாங்காது. வட அமெரிக்க ஆற்று பிர்ச் சூட்டைக் கொஞ்சம் பொறுக்கும். ஆனால் அதன் பட்டை வெள்ளையே இல்லை, செம்பழுப்பு. சுண்ணாம்பு மண்ணில் இலையும் மஞ்சளாகிவிடும். பிறகு எதற்கு அந்தப் பாடு?

என் ஓட்டு தணக்குக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் தானாக வளர்வது. வழவழப்பான, வெயிலில் மினுங்கும் வெளிர்சாம்பல் பட்டை. கோடையில் இலை கொட்டிவிட்டு நிற்கும்போது அடிமரம் முழுவதும் தெரியும். காயின் நுனியில் நீண்ட இரண்டு இறக்கைகள். காற்றில் சுழன்றுகொண்டே இறங்கும், பிள்ளைகள் விடமாட்டார்கள். உதிர்ந்த காயைப் பொறுக்கி நாற்று போட்டு, ஆடி கழிந்து மழை பிடித்ததும் நட்டால் போதும். ஒரே குறை, கோடையில் நிழல் தராது.

நிழலும் உரியும் பட்டையும் சேர்ந்து வேண்டுமென்றால் நீர்மருது. தோல் உரிவதுபோலப் பெரிய பெரிய சில்லுகளாகப் பட்டை கழன்று, உள்ளே வெளிர் நிறம் காட்டும். இந்தப் பட்டையோடு காயில் ஐந்து இறக்கை விளிம்புகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இதற்குத் தண்ணீர் வேண்டும். பாலாற்றங்கரை, ஏரிக்கரைப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்குச் சரி. முப்பதுக்கு நாற்பது மனையில் வைத்தால் அண்டை வீட்டாரோடு வம்புதான்.