காற்றடிக்கும் பேடில் போர்டா, ஃபைபரா? மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஏழு அடிக்கு மேல் நீளமான எதுவும் நுழையாது. படிக்கட்டிலோ ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவர் இடிக்கும். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பேடில் போர்டு ஒன்று வாங்கலாம் என்று இரண்டு வருடங்களுக்கு முன் முடிவு செய்தபோது இந்த லிஃப்ட் என் மூளையில் வரவே இல்லை. நண்பன் ஒருவன் சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தனி வீட்டில் இருக்கிறான், கண்ணாடி இழையில் செய்த, மடக்க முடியாத 11 அடி ஃபைபர் போர்டு வைத்திருக்கிறான். “வாங்கினால் ஃபைபர் வாங்கு, மற்றதெல்லாம் நீச்சல் குளத்துப் பொம்மை” என்றான். அவன் வார்த்தையை நம்பி ஒன்றுக்கு விலையும் பேசிவிட்டு வந்தேன். அன்று இரவு லிஃப்டில் ஏறும்போதுதான் உறைத்தது.

கடைசியில், காற்றை இறக்கிச் சுருட்டிப் பையில் போட்டுவிடக்கூடிய காற்றடிக்கும் போர்டுதான் வாங்கினேன். அதனால் இந்த அலசல் நடுநிலையானது அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபர் போர்டை நான் ஓட்டியது நான்கே முறை, அதுவும் நண்பனுடையதை. என்னுடையதை அனேகமாக மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறக்குகிறேன். காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டுக்குள் கரையேறிவிடும் ரகம். பந்தயம், அலைச்சறுக்கு எதுவும் கிடையாது.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஃபைபர் வேகம், காற்றடிப்பது வசதி. ஃபைபரில் துடுப்பை ஒரு முறை இழுத்தால் போர்டு தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். என்னுடையதில் அந்த வழுக்கல் பாதியிலேயே தீர்ந்துவிடும். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் அலைக்குள் இறங்கி விளையாடும் ஆசை இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஃபைபரை வாங்குங்கள். அலையில் நான் ஓட்டியதில்லை, ஆனால் கழியின் சின்ன நெளிவுக்கே என் போர்டு தட் தட் என்று அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் அங்கே என்ன ஆகும் என்று ஊகிக்கலாம்.

“பொம்மை” என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். காற்று மெத்தையில் ஏறி நின்றால் கால் புதையும். இதில் புதையாது. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்களை நெருக்கமாக இழுத்துத் தைத்திருப்பார்கள். டிராப் ஸ்டிட்ச் என்பார்கள். காற்று உள்ளே ஏற ஏறத் துணி வெளியே உப்பப் பார்க்கும், நூல்கள் பிடித்து நிறுத்தும். 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தபின் விரலை மடக்கித் தட்டினால் பலகையைத் தட்டுவது போல ஒலிக்கும். இது காரின் டயர் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. ஆனால் 12-லேயே கை ஓய்ந்து நிறுத்திவிட்டால் நடுவில் லேசாகத் தொய்யும். என் எடை 84 கிலோ, எனக்கு அந்தத் தொய்வு நன்றாகவே தெரிகிறது.

இதே காரணத்தால்தான் தடிமனைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். 4 அங்குலப் போர்டுகள் மலிவாகக் கிடைக்கும். பெரியவர் ஏறினால் வாழைப்பழம் போல வளையும். 6 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். என்னுடையது 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். இன்று கடையில் கிடைக்கும் பொதுவான அளவும் இதுதான். என் எட்டு வயது மகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார, நான் பின்னால் நின்று ஓட்ட முடிகிறது. விழுந்தாலும் போர்டின் ஓரத்தில் இடித்துக்கொண்டு முழங்கால் வீங்குவதில்லை. நண்பனுடையதில் இரண்டு முறை வீங்கியது.

இனி, எனக்கு முடிவைத் தந்த விஷயம். தண்ணீரில் இருப்பது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலையைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை.

முதலில் பம்ப். ஆரம்பத்தில் எளிதாக இருக்கும், காட்டி முள் மட்டும் பூஜ்யத்திலேயே கிடக்கும். பம்ப் கெட்டுவிட்டதோ என்று முதல் நாள் பயந்தேன். போர்டு முழுதாக நிரம்பி விறைக்கத் தொடங்கிய பிறகுதான் முள் அசையும். அங்கிருந்து ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் உடம்பின் மொத்த எடையையும் கைப்பிடி மேல் போட வேண்டும். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே குளித்தாகிவிடும். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் மின்பம்பும் உண்டு. அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும், ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் டீ குடிக்கலாம். இரண்டாம் மாதமே வாங்கிவிட்டேன்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வால்வின் நடுவே ஒரு முள் இருக்கும். அழுத்தித் திருப்பினால் மேலே எழும்பும், அப்போதுதான் வால்வு மூடியிருக்கிறது என்று அர்த்தம். முள் கீழே இருக்கும்போது குழாயைக் கழற்றினால் பன்னிரண்டு நிமிட உழைப்பும் ஒரே ‘புஸ்’ஸில் போய்விடும். எனக்குப் போயிற்று. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் முழுதும் பார்த்துவிட்டு, “என்ன சார், காத்தடிக்கிற கட்டுமரமா?” என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். “எங்க அப்பா மரத்துல போவாரு. அதுக்குக் காத்து தேவையில்ல. ஆனா காயப் போடணும். இல்லனா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துடும்” என்றார்.

காயப் போடுவதுதான் விஷயமே. கழியின் நீர் உப்பு. அப்படியே சுருட்டி வைத்தால் வால்வுக்குள்ளும் போர்டின் அடியில் ஃபின் என்ற சிறு செதிலை மாட்டும் இடுக்கிலும் உப்பு பூத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், எனக்கு இரண்டு வாளி பிடிக்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் நாட்களில் வீட்டில் இதற்கு ஒரு பார்வை கிடைக்கும், அதை விவரிக்கத் தேவையில்லை. பிறகு பால்கனிக் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் காய வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மெத்தென்ற ஃபோம்தான் கடைசியாகக் காயும். ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்ததால் பொறுமையில்லாமல் ஈரத்தோடு சுருட்டிப் பையில் போட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது கரும்புள்ளிகளும் பூஞ்சை வாடையும். புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

வெயிலும் எதிரிதான். காலை 28 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த போர்டைக் கரையில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 58 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறிவிடும். அத்தோடு ஓர ஒட்டுகளின் பசையும் சூட்டில் இளகும். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போவது நல்லது. மே மாதம் கார் டிக்கியில் நாள் முழுக்க விட்டு வைப்பதும் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபைபர்தானே நல்லது என்று கேட்டால், அன்றாடப் பராமரிப்பில் ஆமாம், ஃபைபர்தான் ஜெயிக்கிறது. நண்பன் வீட்டுக்கு வந்ததும் தோட்டக் குழாயால் ஒரு அடி அடிப்பான், போர்டிகோவில் இருக்கும் தாங்கியில் ஏற்றுவான், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எனக்கு முக்கால் மணி நேரம்.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு போர்டிகோ வேண்டும், தாங்கி வேண்டும், கார் மேல் கம்பி வேண்டும், கட்டப் பட்டைகள் வேண்டும். அதோடு போர்டு எதிலும் இடிபடக் கூடாது. சென்ற வருடம் இறக்கும்போது கேட் தூணில் ஓரம் பட்டு, சுண்டு விரல் அகலத்துக்கு விரிசல் விட்டது. அவன் கவனிக்காமல் இரண்டு வாரம் ஓட்டிவிட்டான். ஃபைபர் என்பது மேல் தோல் மட்டும்தான், உள்ளே இருப்பது வெள்ளை நுரை. பெரியவர் சொன்ன மரம் போல அதுவும் தண்ணீர் குடித்தது. விரிசலைச் சும்மா மூடினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பதால் முதலில் நாள்கணக்கில் காய வைத்தார்கள். அப்புறம் நனைந்த நுரையைச் சுரண்டி, கண்ணாடி இழைத் துணி வைத்து எப்பாக்ஸி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, ஐந்து வாரம் போனது. திரும்பி வந்த போர்டு முன்பைவிடக் கனம் என்று இன்றும் புலம்புகிறான்.

அதே சமயத்தில் என் போர்டும் கசிந்தது. ஒரு இரவில் நான்கு பிஎஸ்ஐ இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீரை எல்லா இடத்திலும் தடவினேன், வால்வைச் சுற்றி மட்டும் குமிழி வந்தது. போர்டோடு கொடுத்திருந்த பிளாஸ்டிக் சாவியால் வால்வைக் கழற்றினால் வளையத்தில் மணல். துடைத்து இறுக்கினேன், பத்து நிமிடத்தில் சரியானது. துணியே கிழிந்தால் இவ்வளவு எளிதாக இராது. பிவிசி ஒட்டுப் போட்டு ஒரு நாள் காய விட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. எனக்கு அந்த அனுபவம் இன்னும் வரவில்லை. கழியில் ஆளி ஓடுகள் பிளேடு போல இருக்கும் இடங்கள் உண்டு, வரலாம். ஓர ஒட்டு பிரிந்துகொண்டால் போர்டைக் கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டியதுதான். ஃபைபருக்கு அந்த மாதிரி முதுமை இல்லை, நன்றாக வைத்துக்கொண்டால் என் போர்டைவிட அதிக நாள் உழைக்கும். மறுவிற்பனையிலும் அதற்கு மதிப்பு இருக்கும் என்றே தோன்றுகிறது, நான் எதையும் விற்றுப் பார்த்ததில்லை.

பணம்? என் போர்டுக்கு முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. மின்பம்ப், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அதற்கு மேல். கூடவே வரும் அலுமினியத் துடுப்பு ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் கனக்கும், முதல் அரைமணியில் தோள் சொல்லிவிடும். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

வெளியே வீசும் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே என் கட்சி தோற்கிறது. காற்றடிக்கும் போர்டு தண்ணீருக்கு மேல் உயர்ந்து மிதக்கும், அந்த ஆறு அங்குல ஓரம் பாய் போல வேலை செய்யும். வெயில் ஏறிக் கடல்காற்று எழும்பினால் கழிக்குள் மேற்காகத் தள்ளும். அதாவது கரைப்பக்கம்தான், ஆனால் திரும்பி வர முட்டிபோட்டுத் துடுப்புப் போட வேண்டியிருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது நிலைமை தலைகீழ்: முகத்துவாரத்தையும் கடலையும் நோக்கித் தள்ளும். அந்த மாதங்களில் காற்று ஓங்கிய காலைகளில் நான் இறங்குவதே இல்லை. காலில் கட்டும் லீஷை மறந்தால், தண்ணீரில் விழுந்தவர் நீந்துவதைவிட வேகமாகப் போர்டு ஓடிவிடும். எந்தப் போர்டாக இருந்தாலும் லீஷும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்காதீர்கள்.

காற்றடிக்கும் கயாக்கையும் யோசித்தேன். உட்கார்ந்து ஓட்டலாம், காற்றுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். கடையில் மடிப்புகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் தண்ணீர் தங்கும் இடுக்குகள். காயப் போடுவதை நினைத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். வருடத்துக்கு ஐந்தாறு முறைதான் போவீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம், கோவளத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். கழுவுவதும் காய வைப்பதும் அவர்கள் பாடு.

சென்ற மாசி மாதம் நண்பன் குடும்பத்தோடு ஆலப்புழைக்கு ரயிலில் போனான். 11 அடியை ரயிலில் ஏற்ற முடியாதே, என் பையைக் கேட்டான். எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று கிலோ, பெர்த்துக்கு அடியில் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ஐந்து நாள் காயலில் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, “பரவாயில்லைடா உன் பொம்மை” என்றான். பையைத் திறந்து பார்த்தேன். ஈரத்தோடு சுருட்டியிருந்தான்.