நினைவூட்டல் அஞ்சல் என்று காசு வாங்கி, விடுதி விளம்பரம் அனுப்பினார்கள்

மண்டபம், கீழக்கரை, இராமநாதபுரம் பக்கம் நாடகமோ கச்சேரியோ நடத்தப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மாலை நேரம் ஓய்வாக இருக்கும். அதனால்தான் மண்டபத்தில் நாடகத்தை அப்போது வைத்தோம். இணையத்தில் டிக்கெட் விற்கவும், வாங்கியவர்களுக்கு முன்கூட்டியே நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பவும் வெளியூர் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். அஞ்சலுக்குத் தனிக் கட்டணம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்று, அன்று காலை ஒன்று. தமிழில், நேரம், வழி, வண்டி நிறுத்துமிடம், இடைவேளை கிடையாது என்ற விவரத்தோடு. பேச்சு இதுதான்.

இடையில், இராமநாதபுரம் திரும்புகிறவர்களின் பஸ்ஸை நினைத்து ஏழு மணி ஆட்டத்தை ஆறு மணிக்கு மாற்றினோம். நிறுவனத்துக்கு எழுத்திலேயே தெரிவித்தோம். உள்ளூரில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னோம்.

கையில் டிக்கெட் வாங்கிய மீனவக் குடும்பங்கள் ஐந்தே முக்காலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டன. இணையத்தில் வாங்கியவர்களின் நாற்காலிகள்தான் காலி. கீழக்கரையிலிருந்து வயதான தாயாரைக் காரில் அழைத்து வந்த ஒருவர் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்றார். உள்ளே கதாநாயகன் சாகப்போகிறான். “ஏழு மணி என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?” என்று செல்பேசியை நீட்டினார்.

அந்த அஞ்சலை அப்போதுதான் பார்த்தேன். அனுப்புநர் பெயரில் எங்கள் குழுவே இல்லை, நிறுவனத்தின் பெயர். தலைப்பில் இராமேசுவரம் விடுதித் தள்ளுபடி. அடுத்தது தனுஷ்கோடி ஜீப் சவாரி. அதற்கும் கீழே எங்கள் பழைய சுவரொட்டிப் படம், ஏழு மணி என்று கொட்டை எழுத்தில். மாற்றிய நேரம் எங்கே என்றால், ‘முழு அஞ்சலையும் காண்க’ என்ற இணைப்பைத் தொட்டால் வருகிற அடிப்பகுதியில், ஆங்கிலத்தில் ஒரு வரி. அஞ்சலின் நிரல் 102 கிலோபைட் அளவைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். விளம்பரத்தை அடுக்கி அடுக்கி அந்த அளவைத் தாண்டியிருக்கிறார்கள். பலருக்கு அது விளம்பரப் பிரிவில் போய் விழுந்ததில் வியப்பென்ன?

தொலைபேசியில் கேட்டால், “மெயில் போய்விட்டது அண்ணே, பத்தில் ஒன்பது பேர் திறந்திருக்கிறார்கள்” என்று ஓர் அறிக்கையை அனுப்பினார்கள். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். திறந்தார்களா என்பதை அஞ்சலுக்குள் ஒளித்துவைத்த சிறு படம் ஒன்று இறங்குவதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் அஞ்சலைத் தொடாவிட்டாலும் படம் தானே இறங்கிவிடும்.

இதைவிட எரிச்சல், நாடகம் முடிந்தும் எங்கள் பார்வையாளர்களுக்கு விடுதி விளம்பரம் நிற்கவில்லை. நாடகம் பார்க்கக் கொடுத்த முகவரிகள் அவை. விலகுவதற்கு இணைப்பும் இல்லை. மொத்தமாக ஏராளமான அஞ்சல் அனுப்புகிற விளம்பரதாரர்கள் ஒரே சொடுக்கில் விலக வழி வைக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024-இல் விதித்துவிட்டன. இவர்கள் அந்த அளவுக்கு அனுப்புகிறார்களோ இல்லையோ, யோக்கியமாகத் தொழில் செய்கிறவர் அந்த வழியைத் தானே வைப்பார்.

ஆள் அமர்த்தும்போது உங்கள் முகவரி ஒன்றையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். மாதிரி அஞ்சலைக் கணினியில் காட்டினால் போதாது; செல்பேசியில் வரவழைத்துப் பாருங்கள். நேரமும் இடமும் படத்துக்குள் இல்லாமல் எழுத்தாக, முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அனுப்புநர் பெயர் உங்கள் குழுவுடையதாக இருக்கட்டும். முகவரிகளை வேறெதற்கும் பயன்படுத்தமாட்டோம் என்று கையொப்பத்தோடு வாங்குங்கள். பாதிப் பணத்தை ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். டிக்கெட் வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

மீதிக் கட்டணம் கேட்டு நிறுவனத்தார் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். முகவரிப் பட்டியலை அழித்துவிட்டோம் என்று எழுத்தில் வரும்வரை ஒரு காசும் தருவதாக இல்லை.