மாடித்தோட்டப் பொருள்கள்: சில கோடைகள் கடந்த பிறகு

மாடித்தோட்டத்துக்கென்று கடைகளில் கிடைக்கும் பொருள்களில் பாதி, வயலுக்காகச் செய்தவற்றை அளவு குறைத்துப் பெட்டியில் அடைத்தவை. சென்னை மொட்டைமாடியில் கத்தரி, வெண்டை, கீரை என்று ஆண்டுக்கணக்கில் வளர்த்துவரும் எனக்கு இந்த எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது.

சொட்டுநீர்த் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்களிலும் இணைப்புகளிலும் ஒரு குறையும் இல்லை. கூடவே வடிகட்டியும் கொடுத்திருந்தார்கள். ஆனால் கடைசி வரிசைச் செடிகளுக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. அதிலிருந்த டிரிப்பர்கள், அதாவது செடியடியில் நீரைச் சொட்டவிடும் முனைகள், அழுத்தத்தைச் சமன்செய்யும் வகை. சரியாக வேலை செய்ய அவற்றுக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் வேண்டும். அதற்குத் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். வீட்டுத் தொட்டியோ பைகளுக்கு மேலே 2 மீட்டரில் நிற்கிறது, கிடைப்பது 0.2 பார்தான். மோட்டார் ஓடும் தோப்பில் அருமையாக இயங்கும் பொருளை மாடிக்கு விற்கும்போது, பெட்டியின் மேல் இதை ஒரு வரியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

பிறகு திருகிக் கூட்டிக் குறைக்கும் சாதாரண டிரிப்பர்களுக்கு மாறினேன். விலையும் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வாயில் வெள்ளையாகப் படியும்போது தலையைக் கழற்றி, வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். கழற்ற முடியாத டிரிப்பர் அடைத்துக்கொண்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

செடிப் பைகள் கதை வேறு. மெல்லிய பாலித்தீன் பைகள் மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்தன. நெய்த எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலித்தீன்) பைகள் வெயிலை நன்றாகவே தாங்கின. ஆனால் கைப்பிடியைத் தைத்த நூல் தாங்கவில்லை. துணி புதிதுபோல இருக்க, தையல் மட்டும் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் துணியோடு நின்றுவிட்டது போலும். 12 அங்குலப் பையில் மண்கலவை 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நனைந்த பிறகு அதை இடம் மாற்றக் கைப்பிடியை விட்டால் வேறு பிடிமானம் ஏது? அடியில் மட்டும் துளையிட்ட பைகள் தரையோடு ஒட்டிக்கொள்வதால் ஐப்பசி மழையில் நீர் வடியாமல் வேர் அழுகும். பக்கவாட்டில், தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே துளையுள்ளவற்றில் அந்தத் தொல்லை வரவில்லை.

தென்னைநார்க் கழிவுக் கட்டியில் எனக்குப் பெரிய புகார் இல்லை. 'கழுவியது' என்று அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை ஊறவைத்து, பழுப்பு நீரை வடித்துவிட்டே பயன்படுத்துகிறேன். உப்பு மிஞ்சியிருந்தால் நாற்றின் இலை நுனி கருகும். 5 கிலோ கட்டி விலையில் லாபம்தான், ஆனால் அதை மாடிக்குத் தூக்கிப்போய் உடைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். தோட்டம் போடும் என் அக்கம்பக்கத்தாரில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் 650 கிராம் கட்டிகளையே வாங்குகிறார்கள். வாளியில் போட்டால் தானே ஊதிப் பிரிந்துகொள்ளும்.

வேப்பெண்ணெய் தெளிக்க வாங்கிய கைத்தெளிப்பானைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: மூக்கு அடைத்தது, மாற்று மூக்கு தனியாகக் கிடைக்கவில்லை.

ஆடிப்பட்டத்துக்குப் பை வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கைப்பிடித் தையலை இழுத்துப் பாருங்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அச்சிடாத பையை நான் இப்போதெல்லாம் கையில் எடுப்பதே இல்லை.