ராஸ்பெர்ரி பைக்கு சென்சார் கிட் வாங்குறீங்களா? சால்டர் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ராஸ்பெர்ரி பைங்கிறது கையளவு கம்ப்யூட்டர் போர்டு. "பை 4-க்கு ஏத்தது, நாலு மாட்யூலும் ஒரே நேரத்துல ஓடும்"னு போட்டு ஒரு ஆன்லைன் கடையில கிட் விக்கிறாங்க. மாடித் தோட்டத்துல ஈரப்பதம் பாக்கலாம்னு வாங்கினேன். காசு இன்னும் முழுசா திரும்பி வரல.

கிட்ல இருக்குன்னு போட்டிருந்தது: வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூணும் அளக்குற பிஎம்இ280, கடிகாரத்துக்கு டிஎஸ்3231, அசைவுக்கு எம்பியூ6050, ஒரு எல்சிடி. எல்லாமே ஐ2சி, அதாவது ஒரே ஜோடி ஒயர்ல பல மாட்யூல் பேசுற முறை; ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகவரி எண் இருக்கும். பையோட 3, 5ஆம் பின்னுலயே நாலையும் சேர்த்து மாட்டலாம், முகவரி மட்டும் மோதக் கூடாது.

ஆனா டிஎஸ்3231, எம்பியூ6050 ரெண்டுக்கும் முகவரி 68தான். எம்பியூவோட ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டுல கொடுத்தா 69-க்கு மாறிடும். கிட்டோட வந்த வயரிங் படத்துல அந்தப் பின்னுக்கு ஒயரே இல்ல. அதே படம் எல்சிடியை 5 வோல்ட்டுல மாட்டிட்டு, அதோட டேட்டா ஒயரை நேரா பையில சொருகச் சொல்லுது. எல்சிடி பின்னாடி இருக்குற குட்டி போர்டு அந்த ஒயரை 5 வோல்ட் பக்கம் இழுக்கும். பையோட பின்னுங்க 3.3 வோல்ட்டுக்குத்தான் செஞ்சது. நடுவுல வோல்ட்டை மாத்திக் கொடுக்குற லெவல் ஷிஃப்டர் வேணும், கிட்ல கிடையாது. நேரா மாட்டி ஓட்டுறவங்களும் இருக்காங்க, அது அவங்க பை, அவங்க பாடு. காசு வாங்கிட்டு விக்கிறவர் அப்படிச் சொல்லலாமா?

இதையெல்லாம்கூட சமாளிச்சுக்கலாம். ஈரப்பதம் வரவே இல்லைங்கிறதுதான் பெரிய அடி. சென்சார் தன்னோட அடையாள எண்ணை வெச்சிருக்குற டி0 ரெஜிஸ்டரைப் படிச்சா அசல் பிஎம்இ280 ஹெக்ஸ்ல (16 அடிமான எண்ல) 60-னு சொல்லணும். எனக்கு வந்தது 58. அதாவது பிஎம்பி280. அதுல ஈரப்பதம் அளக்குற பாகமே கிடையாது, விலையும் ரொம்பக் கம்மி.

கடைக்காரருக்கு போன் போட்டா, "தம்பி, நீங்க சால்டர் பண்ணிட்டீங்க, இனி ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"ங்கிறார். போர்டுல ஈயத்தை உருக்கி ஒட்ட வேண்டிய பின் வரிசையைத் தனியா கவர்ல போட்டு அனுப்புறதே அவர்தான். சால்டர் பண்ணாம எப்படிண்ணே டெஸ்ட் பண்றதுன்னு கேட்டேன், போனை வெச்சுட்டார்.

அதனால கவரைப் பிரிச்சதும் லென்ஸ் வெச்சுப் பாருங்க. சென்சார் போர்டுல மினுமினுன்னு இருக்குற உலோக மூடி சரியான சதுரமா இருந்தா பிஎம்இ; ஒரு பக்கம் நீண்டு செவ்வகமா இருந்தா பிஎம்பி. போர்டுல அச்சடிச்ச பேரை நம்பாதீங்க, ரெண்டு பேரையும் சேர்த்தே அடிச்சு வருது. பிரிக்கிறதை வீடியோவும் எடுத்துக்கோங்க.

விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லைன்னா விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாதுன்னு 2020 மின்வணிக நுகர்வோர் விதியிலயே இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன். அதுக்கப்புறம்தான் "சென்சார் காசை மட்டும் தர்றேன்"னு இறங்கி வந்திருக்கார். முழு கிட்டுக்கும் கேட்டுட்டு இருக்கேன். கடைப் பக்கத்துல அதே கிட், அதே படத்தோட இப்பவும் வித்துட்டுதான் இருக்கு.