இக்னிஷன் பூஸ்டர்: கடலூர் மணலிலும் செம்மண்ணிலும் ஓட்டிப் பார்த்ததில்

மண் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கூடினால் எப்படியும் வந்துவிடும் பேச்சு இது. சி.டி.ஐ.க்கும் (பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பெட்டி) காயிலுக்கும் (பொறிக்கு வேண்டிய வோல்டேஜை ஏற்றித் தரும் சுருள்) நடுவில் மாட்டும் இக்னிஷன் பூஸ்டர் பெட்டி இழுவையைக் கூட்டுமா, கூட்டாதா? அப்படி ஒரு பெட்டியை என் ஹீரோ இம்பல்ஸில் நீண்ட நாள் மாட்டியும் கழற்றியும் ஓட்டியிருக்கிறேன். நல்ல நிலையில் இருக்கிற இன்ஜினுக்கு அது எதையும் கூட்டவில்லை. இன்ஜினில் ஒரு கோளாறு இருந்தபோது மட்டும் கூட்டியது போலத் தெரிந்தது. கோளாறைச் சரிசெய்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இம்பல்ஸ் 2011-இல் வந்தது. 149.2 சி.சி., கார்புரேட்டர், சுமார் 13 குதிரைத்திறன். நம் ஊரில் மண்ணில் ஓட்டக் கைக்கெட்டும் விலையில் கிடைத்த வண்டி அது. நான் ஓட்டுவது பெரும்பாலும் கேப்பர் மலையின் செம்மண் ஓடைகளிலும், தாழங்குடா, மணப்பட்டுப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மணல் தடங்களிலும். கடற்கரை மணலில் இறக்குவதில்லை. தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது, அங்கே டயர் தடம் விழக்கூடாது. தோப்பு மணல் ஒன்றே இன்ஜினைச் சோதிக்கப் போதும். பின் சக்கரம் புதைந்து, இரண்டாவது கியரில் மூச்சுத் திணறி ஏறும்போது கொஞ்சம் இழுவை குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

பெட்டியைப் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் வாங்கினேன். மூவாயிரத்துக்கு மேல் ஆனது. உள்ளே ஒரு கெபாசிட்டர், பேட்டரியிலிருந்து ஒரு இணைப்பு, அவ்வளவுதான். அட்டையில் அறுபதாயிரம் வோல்ட், பத்து சதவீதம் கூடுதல் பவர், மைலேஜ் என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள்.

அது ஐப்பசி மழைக்காலம். மாட்டிய வாரத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அதுவரை ஈரமான காலை நேரத்தில் செல்ஃப் அடித்து அடித்து ஓய்ந்த வண்டி சட்டென்று பிடித்தது. ஓடையில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது வந்த மிஸ்ஸிங்கும் (இன்ஜின் இடையிடையே எரியாமல் விட்டு விட்டு ஓடுவது) குறைந்தது. இதை மட்டும் வைத்து அன்றைக்கே எழுதியிருந்தால் எல்லாரையும் வாங்கச் சொல்லியிருப்பேன். கடைகளில் நாம் கேட்கிற பாராட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி முதல் வாரத்திலேயே சொல்லப்பட்டவைதான் என்று நினைக்கிறேன்.

மழை முடியும்போது மிஸ்ஸிங் திரும்பி வந்தது. மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. “பொறி பிளக்குக்குள்ள தாண்டுதா, வெளியிலயே ஓடுதான்னு முதல்ல பாப்போம் தம்பி” என்றார். இருட்டினதும் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, பிளக்கின் தலையில் மாட்டும் பிளக் கேப் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தார். கேப்பின் ஓரத்திலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு நீலப் பொறி ஓடியது கண்ணுக்கே தெரிந்தது. கழற்றி மீட்டரில் வைத்தால், 5 கிலோ ஓம் மின்தடை காட்ட வேண்டிய கேப் இருபதைத் தாண்டி ஆடியது. காயிலை சேஸிஸோடு பிடித்திருந்த போல்ட்டில் துரு, எர்த் சரியில்லை. கடலூரில் உப்புக்காற்றுக்குத் தப்பும் இரும்பு எது?

புது பிளக் கேப், புது பிளக், ஒயரின் நுனியில் கறுத்த ஒரு சென்டிமீட்டரை வெட்டி எறிந்தது, எர்த் போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து கிரீஸ் தடவியது. எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கப்புறம் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஒரே மாதிரிதான் பிடிக்கிறது, ஒரே மாதிரிதான் இழுக்கிறது. மின்சாரம் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தில் பெட்டி இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளியிருக்கிறது, அதனால் ஒழுகியது போக மிச்சம் பிளக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நோய் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் வேலை செய்கிறது என்று நம்பத்தான் உடம்பு துடிக்கும். அதனால் அத்தை மகனைக் கூட்டிக்கொண்டு கேப்பர் மலைக்குப் பின்பக்கம், ஆளில்லாத ஒரு நேர்ரோட்டுக்குப் போனேன். நான் திரும்பி நிற்க, அவன் பெட்டியை இணைப்பான் அல்லது துண்டிப்பான். எனக்குச் சொல்ல மாட்டான். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 70 வரை முழு ஆக்ஸிலேட்டர். ஒவ்வொரு தடவையும் “மச்சான், இப்ப இருக்கா இல்லையா, சொல்லு” என்று கேட்பான். நான் சொன்ன பதிலில் பாதிதான் சரி. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். நேரமும் அப்படியே: பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டு நொடியை ஒட்டித்தான். காற்று எதிரே அடித்தால் ஏறியது, பின்னால் அடித்தால் இறங்கியது. பெட்டியை விடக் கடல் காற்றுதான் நேரத்தை அதிகம் மாற்றியது.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் கடினமானதில்லை. பிளக்கின் இடைவெளி 0.8 மி.மீ. அளவில் இருக்கும். அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவைக்குள் அந்த இடைவெளியைத் தாண்டப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வோல்ட் வரை தேவைப்படும். காயிலில் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், பொறி தாண்டும் அளவை எட்டியதும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் அறுபதாயிரம் வரை ஏறக்கூடிய சக்தி காயிலுக்கு இருந்தாலும் அது ஏறப்போவதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இந்த அளவு இன்ஜின் முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு தடவை உறிஞ்சும் பெட்ரோல் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குதான். அது எரிந்தால் வரும் சக்தி ஐந்நூறு ஜூல் அளவு. பொறியில் இருப்பது சில பத்து மில்லிஜூல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கார்த்திகைக்குக் கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தும்போது சின்னப் பந்தத்தால் பற்றவைத்தாலும் பெரிய பந்தத்தால் பற்றவைத்தாலும் எரிவது அடுக்கிவைத்த ஓலைதான். ஒழுங்காகப் பற்றிக்கொண்ட பிறகு பந்தத்தின் அளவு எதையும் மாற்றாது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பொறியின் பலம் வேறு, பொறி விழும் நேரம் வேறு. டைமிங்கை மாற்றும் சி.டி.ஐ. பெட்டிகள் வேறு ரகம். அவை நிஜமாகவே இன்ஜினின் குணத்தை மாற்றும். பொறி சற்று முன்னால் விழுந்தால் சில இடங்களில் இழுவை கூடும். அளவு மீறினால், நாம் போடும் சாதாரண பெட்ரோலில் இன்ஜின் நாக் அடித்து (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டும் சத்தம் வந்து) பிஸ்டனைத் தின்றுவிடும். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். வாங்கும்போது டைமிங் மாறுமா என்று கேளுங்கள். மாறாது என்றால் அது வெறும் பூஸ்டர்.

பூஸ்டர் எங்குமே உதவாதா? பலமான பொறி உதவும் இடம் உண்டு. பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய காலத்து சுவிட்ச்) வைத்த பழைய ராஜ்தூத், யெஸ்டி மாதிரி வண்டிகளில் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறினால் கண்கூடாகவே மாற்றம் தெரியும். ஏனென்றால் அங்கே பொறியே பலவீனம். ஆயில் படிந்து பிளக் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் டூ ஸ்ட்ரோக்கிலும் வேகமாக ஏறும் பலமான பொறிக்கு வேலை உண்டு. கம்ப்ரஷனை ஏற்றிக் கட்டிய ரேஸ் இன்ஜினிலும் அப்படித்தான். கம்பெனி நிலையில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அந்தத் தேவை இல்லை.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நண்பர் ஒருவர் தன் எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் பூஸ்டரோடு, ரெசிஸ்டர் இல்லாத பிளக்கையும் சேர்த்து மாட்டினார். கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். மீட்டர் திரை அவ்வப்போது சிமிட்ட ஆரம்பித்தது. பிளக்கிலும் கேப்பிலும் இருக்கும் அந்த ரெசிஸ்டர் பவரைத் தடுக்க வைத்ததில்லை. பொறி எழுப்பும் ரேடியோ இரைச்சல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வையும் சென்சார்களையும் குழப்பாமல் இருக்க வைத்தது. பழைய பிளக்கை மாட்டியதும் சிமிட்டல் நின்றது.

என் வண்டியில் நிஜமாக இழுவையைக் கூட்டியது வேறு. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன்: மணலில் இரண்டாவது கியர் இப்போது திணறுவதில்லை. பைபாஸில் இன்ஜின் கொஞ்சம் கத்துகிறது, அது எனக்குச் சம்மதம். செம்மண் தூசு குடித்த ஏர் ஃபில்டரைக் கோடையில் அடிக்கடி சுத்தம் செய்கிறேன். மணலுக்குள் இறங்கும் முன் டயர் காற்றை இருபது பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கிவிட்டு, தார் ரோடு ஏறியதும் கைப் பம்பால் ஏற்றிக்கொள்கிறேன். இந்த மூன்றுக்கும் ஆன செலவு பெட்டியின் விலையில் பாதிகூட இல்லை.

கேப்பை மட்டும் இப்போது மழைக்கு முன்னால் ஒரு தடவையும், மழை முடிந்ததும் ஒரு தடவையும் மீட்டரில் வைத்துப் பார்க்கிறேன். எர்த் போல்ட்டையும் அப்போதே திறந்து துடைத்து கிரீஸ் வைக்கிறேன். கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள், வேலூரிலோ சேலத்திலோ இருக்கிறவர்கள் செய்வதைப் போல இரண்டு மடங்கு அடிக்கடி இதைச் செய்ய வேண்டியிருக்கும்.