பழைய ஒஸ்ரினுக்குக் காஸ் பூட்டப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

4 லட்சத்து 20 ஆயிரம் ரூபா. பெற்றோலில் ஓடுகிற என் பழைய ஒஸ்ரினைக் காஸில் ஓட மாற்றித் தருவதற்கு, வங்கியில் எடுத்து என் கையால் எண்ணிக் கொடுத்த காசு. இன்று மத்தியானம் வேறொரு மெக்கானிக் என் காரின் ஹெட்டை (இன்ஜினின் மேல் மூடிப் பகுதி, வால்வுகள் இருக்கிற இடம்) கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, இதுக்குள்ள ஒருத்தரும் கை வைக்கேல்லை" என்றார். அந்த வயிற்றெரிச்சல் அடங்க முதலே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒன்றை வாங்கி விட யோசிப்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து வாசியுங்கள். என்னென்ன பார்த்து வேலை கொடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கார் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை இந்த வகை, 1200 சிசி இன்ஜின். வட்டுக்கோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் வாங்கினேன். 'ஸ்ரீ' தகடு வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கம். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போனது. விற்ற ஐயாவில் ஒரு குறையும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் தந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டியதோடு பழைய கார்களின் விலை ஏறியது ஏறியதுதான். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகும் நல்ல ஏ40 ஒன்றை அடிமாட்டு விலைக்கு யாரும் தருவதில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் இந்தக் காருக்கு இருக்கிற மதிப்பு வேறு. கலியாண வீட்டுக்காரர் தேடி வந்து கேட்பார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் அதில் ஏறி ஊர் சுற்ற ஆசைப்படுவார்கள். ஹயருக்கு விடலாம் என்றுதான் வாங்கினேன்.

பெற்றோல்தான் பிரச்சினை. என் கார் லீற்றருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் தராது. 2022 ஜூனில் 92 பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதையும், கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்றதையும் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் மலிவான எரிபொருள் மேல் ஒரு கண்.

மண்ணெண்ணெய் எங்களுக்குப் புதிதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு குடாநாட்டுக் கார்கள் ஓடியதே அதில்தான். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து கார்பரேற்றருக்கு ஒரு ரியூப். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிற்பாட்ட முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை ஸ்ராட் வராது. அது வேறு வழியில்லாத காலம். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரால் வழிந்து இன்ஜின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணியாகி றிங், பெயாரிங் எல்லாம் தேயும். காசு கொடுத்து ஆசையாக வாங்கிய காருக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. காஸ் என்றால் சுத்தமாக எரியும், ஒயிலைக் கெடுக்காது. ஒழுங்காகப் பூட்டினால் நல்ல விஷயம்தான். அதை இப்போதும் சொல்வேன்.

முகநூலில் பழைய வாகனங்களைத் திருத்திப் படம் போடுகிற ஒரு பக்கம். அதை நடத்துகிறவர்களுக்கு யாழ் நகரத்துக்கு வெளியே சொந்தக் கராஜும் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. போன் எடுத்தவுடன் "வாங்கோ அண்ணை, காரைக் கொண்டு வாங்கோ, பாத்திட்டுக் கதைப்பம்" என்று மரியாதையாகத்தான் கதைத்தார் கராஜை நடத்துகிற தம்பி.

அங்கே வாசலில் வயதான ஒருவர் கதிரையில் இருந்தார். தம்பியின் பெரியப்பா என்றார்கள். நான் காரை நிற்பாட்டியதும் எழும்பி வந்தார். "ஓவ் பண்ண வேண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டு பொனற்றைத் திறந்து, வால்வுகளுக்கு மேலே இருக்கிற மூடியில், அதுதான் றொக்கர் கவரில், இரண்டு விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். அப்புறம், "மூண்டாவது வால்வ் லூசாயிருக்கு தம்பி, சத்தத்தைக் கேளுங்கோ" என்றார். உண்மையாகவே அந்தத் தட்டல் கேட்டது. சண்டைக் காலத்தில் இதே ஏ40ஐ மண்ணெண்ணெயில் பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் ஓட்டிய கதையெல்லாம் சொன்னார். காஸ் என்பது உலர்ந்த எரிபொருள், இந்த ஹெட்டில் வால்வ் வந்து குந்துகிற சீற் வார்ப்பிரும்பிலேயே வெட்டியிருக்கிறது, அந்தக் காலத்துப் பெற்றோலில் இருந்த ஈயம்தான் அதைக் காப்பாற்றியது, ஆகவே கடினமான சீற் வளையம் இறக்காமல் காஸ் பூட்டவே கூடாது என்றார். ஒரு சொல் பிழையில்லை. இவ்வளவு தெரிந்த மனுசன் இருக்கிற இடம் என்றுதான் நான் அன்றைக்கே சரி சொன்னேன். அந்த அறிவைக் காட்டித்தான் என்னிடம் காசு வாங்கினார்கள். தெரியாதவன் பிழை விட்டால் மன்னிக்கலாம். இவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டு செய்தவர்கள்.

காஸ் கிட் 2 லட்சத்து 10 ஆயிரம். ஹெட் கழற்றி எட்டு வால்வுக்கும் சீற் இறக்க 1 லட்சத்து 40 ஆயிரம். வயரிங், பூட்டுகூலி 70 ஆயிரம். எல்லாமாக 4 லட்சத்து 20 ஆயிரம். "சாமான் கொழும்பாலதான் வரோணும் அண்ணை, முழுக்காசும் தந்தால் கெதியா முடிப்பம்" என்றார் தம்பி. இங்கே வாகனக் காஸ் எங்கே அடிப்பது என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் வழி இருக்கு, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று முடித்துவிட்டார். இடைக்கிடை வட்ஸ்அப்பில் படம் வந்தது. கழற்றி வைத்த ஒரு ஹெட், பளபளக்கிற வால்வுகள். அது என்னுடைய ஹெட் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

கார் கைக்கு வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. ஹெட் முழுக்க வெள்ளிப் பெயின்ற். டிக்கியைத் திறந்தால், வீட்டில் சமைக்கிற 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று சாய்த்துப் படுக்கப்போட்டு இரும்புப் பட்டியால் கட்டியிருந்தது! வாகனத்துக்கான தாங்கி எங்கே என்று கேட்டேன். "இப்போதைக்கு இதைப் பாவியுங்கோ, தாங்கி வந்தோண்ண மாத்தித் தாறம்." இதுதான் அவர் சொன்ன வழி. வாகனத் தாங்கியில் 80 வீதத்துக்கு மேல் நிரம்பவிடாத வால்வ் இருக்கும், குழாய் அறுந்தால் தானாக அடைக்கிற ஏற்பாடு இருக்கும், கசிவு வெளியே போக மூடிய பெட்டியும் குழாயும் இருக்கும். அடுப்புச் சிலிண்டரில் இவை ஒன்றும் இல்லை. காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, டிக்கியிலும் சீற்றுக்குக் கீழேயும் தேங்கி நிற்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்படிகளில் காஸ் வெடித்ததைப் பார்த்த ஆட்கள் நாங்கள். அதைக் கொண்டுவந்து பிள்ளைகள் ஏறுகிற காரில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓட்டி வரும்போதே கார் திக்கத் தொடங்கியது. கோண்டாவில் தாண்டி ஓரமாக நிற்பாட்டி பொனற்றைத் திறந்தேன். நல்ல உச்சி வெயில். காஸைக் குறைத்து அனுப்புகிற ரெடுசரின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. விரலை வைத்தால் ஒட்டுகிறது. திரவமாக வருகிற காஸ் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும். அதனால்தான் ரேடியேற்றரின் சுடுதண்ணி ரெடுசருக்குள்ளால் சுற்றி வரவேண்டும். என் காரில் ஹீற்றர் இல்லை, அதனால் தண்ணிக் குழாய்க்குப் புதிதாக வழி எடுக்க வேண்டும். எடுக்கவே இல்லை. தண்ணி போகிற இரண்டு வாயையும் பிளாஸ்ரிக் மூடியால் அடைத்து வைத்திருந்தார்கள். போன் எடுத்துச் சொன்னேன். அந்தத் தம்பியின் பதில்: "அது காஸ் நல்லாப் போகுது எண்டதுக்கு அடையாளம் அண்ணை."

அப்புறம் ஒரு நாள் சாவகச்சேரிக்கு மனைவியோடும் மகளோடும் போகும்போது, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட டாஷ்போட்டுக்குக் கீழே புகை. வயர் எரிகிற மணம். மகளை இழுத்து வெளியே விட்டுவிட்டு, டிக்கியைத் திறந்து சிலிண்டரின் வால்வை மூடி, பற்றறி வயரைப் பிடுங்கினேன். பின்னால் வந்த ஓட்டோக்காரத் தம்பி ஓடிவந்து தண்ணிப் போத்தலோடு நின்றார். அவருக்குக் கோடி புண்ணியம். காரணம் என்ன தெரியுமா? இந்தப் பழைய ஒஸ்ரினில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடிக்கு, அதாவது காரின் இரும்பு உடம்புக்குப் போகிறது. இப்போது வருகிற கிட்டெல்லாம் நெகற்றிவ் பொடிக்கு என்று செய்தவை. ஏ40ஐ விடிய விடியத் திருத்துகிறோம் என்று படம் போடுகிறவர்களுக்கு இது தெரியாதா? கறுப்பு வயரை அப்படியே பொடியில் முறுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பியூஸ்கூட இல்லை. இதற்குத்தான் 70 ஆயிரம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. முதலில் "கொண்டு வாங்கோ, பாப்பம்". ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனால் கராஜ் பூட்டு. பிறகு "வயர்மன் வவுனியாவில நிக்கிறார்". பிறகு "திருவிழா முடியட்டும்". நான் முகநூலில் அவர்களின் படத்துக்குக் கீழே எழுதினேன். எழுதியதை அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள். வேறு போனில் எடுத்தால், "நீங்கள் பிழையா ஓட்டியிருக்கிறியள், பெற்றோலில இருந்து காஸுக்கு மாத்தேக்க பொறுத்து மாத்தோணும்" என்று என் தலையில் போட்டார் தம்பி. பெரியப்பாவைத் தேடிப் போய் நேரே நின்று கேட்டேன். அன்றைக்கு றொக்கர் கவரில் விரல் வைத்துச் சொன்ன அதே மனுசன், "நான் இதுக்குள்ள தலையிடுறேல்லைத் தம்பி, பெடியளோட கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பில் கேட்டபோது தந்த துண்டில் "இன்ஜின் வேலை – 4,20,000" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கிட்டின் பெயர் இல்லை, நம்பர் இல்லை. ரெடுசரில் இருந்த நம்பரை அரத்தால் அராவி எடுத்திருக்கிறார்கள். பழைய சாமான்.

இன்றைக்கு ஹெட் கழன்றது. ஸ்பனரை வைத்துத் திருப்பியபோது நட்டில் இருந்த வெள்ளிப் பெயின்ற் ஆடை ஆடையாக வெடித்துக் கழன்றது, அதற்குக் கீழே பழைய துரு. உள்ளே கறுத்துத் தடித்த கரி. சீற் வளையம் இறக்கியிருந்தால் வார்ப்பிரும்புக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். மெக்கானிக் துணியால் துடைத்துத் துடைத்து எட்டையும் காட்டினார். ஒன்றிலும் இல்லை. அந்த மூன்றாவது வால்வும் அப்படியேதான் இருக்கிறது. 1 லட்சத்து 40 ஆயிரம் ஒரு ரின் பெயின்ற்றுக்கு. நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுத்துக் கதைத்திருக்கிறேன், எழுத்திலும் கொடுக்கப் போகிறேன். அந்த 4 லட்சத்து 20 ஆயிரத்தை விடமாட்டேன்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுக்காசை முதலே கொடுக்காதீர்கள். கிட்டின் பெயரும் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். ஹெட் கழற்றும்போது நேரே போய் நின்று பாருங்கள், படத்தை நம்பாதீர்கள். எரிபொருளை மாற்றினால் வாகனப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், காப்புறுதிக்காரரிடமும் முதலே கேளுங்கள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் பற்றறியின் எந்தப் பக்கம் பொடிக்குப் போகிறது என்று வயர்மனிடமே கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதே கராஜ் இன்னும் சில கார்களுக்குக் காஸ் பூட்டியிருக்கிறது, அந்தப் படங்களை நானே பார்த்தேன். உங்கள் காரும் அதில் ஒன்றென்றால் இன்று இரவே டிக்கியைத் திறந்து பாருங்கள். சமையல் சிலிண்டர் கிடந்தால் வால்வைப் பூட்டி, கழற்றி, வெட்டைக்குக் கொண்டுபோய் வையுங்கள். சிகரெட், போன் ஒன்றும் கிட்டக் கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.