மதுரையில் கூகுள் நட்சத்திரங்களை நம்பியும் நம்பாமலும்

சிங்கப்பூரிலிருந்து இம்முறை மதுரைக்குச் சென்றபோது, அம்மாவுக்குப் பல்செட் கட்டுவது, வீட்டு ஆர்.ஓ. மெஷினைப் பழுதுபார்ப்பது, இராமேசுவரம் போய்வர வண்டி அமர்த்துவது எனச் சில வேலைகள் காத்திருந்தன. ஊரில் பழக்கம் விட்டுப்போனவனுக்குக் கூகுள் மேப் விமர்சனங்களே முதல் துணை.

பார்த்த பல் மருத்துவமனைகள் பெரும்பாலும் 4.8, 4.9 என்றே இருந்ததால், அந்த எண்ணை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஓரிடத்தில் பில் போடும் பெண், மேசையிலிருந்த கியூஆர் அட்டையைக் காட்டி, "அண்ணே, அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க, அடுத்த தடவை க்ளீனிங் ஃப்ரீ" என்றார். இப்படிச் சலுகை தந்து விமர்சனம் வாங்குவதைக் கூகுளின் விதிகளே தடைசெய்கின்றன. விமர்சனங்களை வெளியிடும் தளங்களுக்கென இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையையும் கொண்டுவந்தது. ஆனால் வெளியானபோது அது கட்டாயமாக்கப்படவில்லை.

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்கள்தாம். புதியவை முதலில் வரும்படி மாற்றி, எழுதியவரின் பெயரைத் தொட்டு, அவர் வேறெந்தக் கடைகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பார்த்து, ஒரே வாரத்தில் குவிந்திருந்த 'குட் சர்வீஸ்' வகையறாக்களை ஒதுக்கினேன். கீழ்ச்செட் ஆடியதாகவும், காசு வாங்காமல் சரிசெய்து தந்ததாகவும், ஆனால் மாலையில் போனால் வெகுநேரம் உட்கார வேண்டுமென்றும் ஒருவர் எழுதியிருந்த மருத்துவமனைக்கே அம்மாவை அழைத்துச் சென்றேன். காத்திருப்பு உட்பட எல்லாம் எழுதியபடியே நடந்தது. வண்டி விஷயத்திலும் ஓட்டுநர் பேட்டா, டோல், கிலோமீட்டர் கணக்கு பற்றிப் புலம்பியவர்களே நான் முன்கூட்டிப் பேசி முடிக்க வேண்டியவற்றைச் சொல்லித் தந்தார்கள்.

ஆர்.ஓ. மெஷினுக்குத்தான் விமர்சனங்கள் உதவவில்லை. தேடியதும் முதலில் வந்த 'சர்வீஸ் சென்டர்' கம்பெனியின் பெயரையே தாங்கியிருந்தும், ஆளை அனுப்புமுன் விசிட் சார்ஜை ஜிபேயில் போடச் சொன்னது. மெஷினில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தபோது, அப்படியொரு கிளையே தங்களுக்கு இல்லை என்றார்கள். மோட்டார், குழாய் வேலைக்காரர்கள் பலருக்கு இணையத்தில் பக்கமே கிடையாது. எதிர்வீட்டு அக்காவின் கைபேசிதான் அவர்களுடைய விளம்பரப் பலகை.

கிளம்புமுன், என்ன வேலை, எவ்வளவு தொகை, எவ்வளவு நேரம் என்று மருத்துவமனைக்கும் வண்டிக்காரருக்கும் தமிழிலேயே எழுதிப் போட்டேன். வண்டிக்காரருக்கு நான்கு நட்சத்திரம்தான். பரமக்குடி தாண்டியதும் ஏசி நின்றுவிட்டது.